எக்ஸ்-மென் படிக்கத் தொடங்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு: அறிகுறி வாரியாகப் பிழை நீக்கம்

எக்ஸ்-மென் காமிக்ஸை எங்கே தொடங்குவது என்று யாரைக் கேட்டாலும் ஒரு பட்டியல் நீட்டுவார்கள். அந்தப் பட்டியலோடு உட்கார்ந்து, இரண்டாவது மூன்றாவது புத்தகத்தில் நின்றுபோனவர்கள் நிறையப் பேர். அவர்களுக்கு இன்னொரு பட்டியல் உதவாது. எங்கே நின்றது, ஏன் நின்றது என்று பார்த்தால்தான் வழி தெரியும். உங்கள் அறிகுறி கீழே எங்கே இருக்கிறதோ அங்கே நேராகப் போய்விடுங்கள். மேலிருந்து கீழே வரிசையாகப் படிக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

போவதற்கு முன் ஒன்று மட்டும். 1963-லிருந்து இன்றுவரை ஓடும் இந்த மார்வெல் நிறுவனத் தொடருக்கு ஒரே ஆசிரியர் கிடையாது. ஒருவர் சில வருடம் எழுதுவார், விலகுவார், அடுத்தவர் வருவார். ஒருவர் தொடர்ந்து எழுதிய அந்தப் பகுதியை ரசிகர்கள் ‘ரன்’ என்பார்கள். படிப்பதற்கான அலகு அதுதான். இதழ் எண்ணை விட்டுவிட்டு எழுத்தாளர் பெயரைப் பிடித்துக்கொண்டால் பாதிச் சிக்கல் அங்கேயே தீர்ந்துவிடும். மீதிப் பாதிக்குத்தான் இந்தக் கட்டுரை.

“1963-இன் முதல் இதழிலிருந்து தொடங்கினேன். பத்து இதழைத் தாண்ட முடியவில்லை.”

மிகவும் சாதாரணமான கோளாறு. முறைப்படி முதலிலிருந்து படிப்பவர்களுக்குத்தான் இது வரும்.

ஸ்டான் லீ எழுதி ஜாக் கிர்பி வரைந்த அந்த முதல் இதழில் சைக்ளாப்ஸ், பீஸ்ட், ஏஞ்சல், ஐஸ்மேன், ஜீன் கிரே என்று ஐந்து மாணவர்கள் (பிறவியிலேயே விநோத சக்தி கொண்ட ‘மியூட்டன்ட்’கள்), அவர்களுக்கு ஆசானாக புரொஃபசர் எக்ஸ், எதிரியாக மேக்னீட்டோ. அடித்தளம் எல்லாம் அங்கேயே இருக்கிறது. ஆனால் நீங்கள் கேள்விப்பட்டு வந்த எக்ஸ்-மென் அங்கே இல்லை. வுல்வரின் இல்லை, ஸ்டார்ம் இல்லை, நைட்க்ராலர் இல்லை. ஒடுக்கப்படும் சிறுபான்மையின் கதை என்ற சரடு 14-ஆம் இதழில் மியூட்டன்ட்களை வேட்டையாடும் சென்டினல் ரோபோக்கள் வரும்போது தலைகாட்டுகிறது. அப்புறம் மறுபடி வாரம் ஒரு வில்லன் கணக்கில் போய்விடுகிறது. அந்தக் காலத்து வாசகர்களும் பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை. 1970-இல் 66-ஆம் இதழோடு மார்வெல் புதுக் கதைகளை நிறுத்திவிட்டு, 67 முதல் 93 வரை பழைய கதைகளையே மறுபதிப்பாக அச்சடித்தது. வெளியிட்டவர்களே கைவிட்ட பகுதியில் நீங்கள் களைத்துப்போனதில் ஆச்சரியம் இல்லை.

தீர்வு: கூச்சப்படாமல் 1975-க்குத் தாவுங்கள். ‘ஜெயன்ட்-சைஸ் எக்ஸ்-மென்’ முதல் இதழ், லென் வீன் எழுத்து, டேவ் காக்ரம் ஓவியம். பழைய குழு கிராக்கோவா என்ற தீவில் சிக்கிக்கொள்கிறது. தப்பி வந்தவர் சைக்ளாப்ஸ் மட்டும். மற்றவர்களை மீட்க புரொஃபசர் எக்ஸ் நாடு நாடாகப் போய் ஆள் திரட்டுகிறார்: ஜெர்மனியில் நைட்க்ராலர், கென்யாவில் ஸ்டார்ம், சோவியத் நாட்டில் கொலோசஸ், கனடாவில் வுல்வரின். ஒவ்வொருவரும் அங்கேதான் அறிமுகமாகிறார்கள் என்பதால் (வுல்வரின் மட்டும் முந்தைய வருடமே ஹல்க் இதழ் ஒன்றில் வந்து போனவர்) உங்களுக்கு முன்கதை எதுவும் தேவைப்படாது. அந்தத் தீவின் பெயரை மட்டும் ஞாபகத்தில் வையுங்கள். 44 வருடம் கழித்து அது திரும்பி வரும்.

அறுபதுகளை முழுக்க விட மனசு வரவில்லை என்றால், 1969 வாக்கில் ராய் தாமஸ் எழுத நீல் ஆடம்ஸ் வரைந்த சில இதழ்களைப் புரட்டிப் பாருங்கள். 56-ஆம் இதழில் தொடங்கும். பக்க அமைப்பு அன்றைய மற்ற காமிக்ஸோடு ஒப்பிட்டால் எங்கேயோ போய் நிற்கும்.

“1975-லிருந்தே தொடங்கினேன். வசனம் வசனம் வசனம். மூச்சு முட்டுகிறது.”

சரி, இது கொஞ்சம் உண்மையான பிரச்சினை. எழுதியவர் க்ரிஸ் க்ளேர்மான்ட். 94-ஆம் இதழில் நுழைந்து 1991 வரை 16 வருடம் இந்தத் தொடரை எழுதியவர். எக்ஸ்-மென் என்று இன்று நாம் சொல்வதில் பெரும்பகுதி அவர் கட்டியது. அவருக்கு ஒரு பழக்கம்: கொலோசஸ் உடம்பு இரும்பாக மாறும்போது, மாறுகிறது என்று ஓவியம் காட்டும், விளக்கப் பெட்டி சொல்லும், கொலோசஸும் மனசுக்குள் சொல்லிக்கொள்வார். ஒவ்வொரு மாதமும்.

இதற்குக் காரணம் உண்டு. அன்றைக்கு இந்த இதழ்கள் பெட்டிக்கடை அலமாரியில் சுழலும் கம்பித் தாங்கியில் விற்றன. போன மாத இதழ் இந்த மாதம் கிடைக்காது, தொகுப்பு நூல் என்ற வழக்கமும் பெரிதாக இல்லை. கையில் எடுக்கும் சிறுவனுக்கு அதுதான் முதல் இதழ் என்று நினைத்தே எழுத வேண்டியிருந்தது. நம் வீட்டு நெடுந்தொடரை யாரும் முதல் எபிசோடிலிருந்து பார்ப்பதில்லை, நடுவில் உட்கார்ந்து இரண்டு வாரத்தில் யார் யார் என்று பிடித்துக்கொள்கிறார்கள் அல்லவா, க்ளேர்மான்ட் எழுதியது அப்படிப்பட்ட பார்வையாளருக்கு. தொகுப்பாக ஒரே மூச்சில் இருபது இதழ் படிக்கும் நமக்குத்தான் அது திகட்டுகிறது.

ஆகவே முதல் மருந்து, வேகத்தைக் குறைப்பது. நாளுக்கு ஒரு இதழ், அதிகம் போனால் இரண்டு. விளக்கப் பெட்டிகளை மேலோட்டமாகப் பார்த்துவிட்டு வசனத்தை மட்டும் படிக்கலாம். எதுவும் விட்டுப்போகாது.

அது போதவில்லையென்றால் 129-ஆம் இதழுக்கு நேராகப் போய்விடுங்கள். 1980 ஜனவரி என்று தேதியிட்ட இதழ். ஜான் பைர்ன் 108-ஆம் இதழிலிருந்தே வரைந்துகொண்டிருந்தார். 129 வரும்போது அவரும் க்ளேர்மான்டும் ஒருவர் கையை ஒருவர் முழுக்கப் புரிந்துகொண்டிருந்தார்கள். 13 வயதுப் பெண் கிட்டி ப்ரைட் இந்த இதழில்தான் முதன்முதலில் வருகிறாள். அவளுக்கும் எக்ஸ்-மென் பற்றி எதுவும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. அவள் தெரிந்துகொள்ளும்போது நீங்களும் தெரிந்துகொள்வீர்கள். இங்கிருந்து 137 வரை ஓடுவதுதான் டார்க் ஃபீனிக்ஸ் கதை. அதற்கு முன் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியது ஒன்றே ஒன்று: 101-ஆம் இதழில் ஜீன் கிரே ஒரு விண்வெளி விபத்தில் ஃபீனிக்ஸ் என்ற மாபெரும் சக்தியாக எழுந்தார்.

137-ஆம் இதழின் முடிவு பற்றி ஒரு இடைச்செருகல். க்ளேர்மான்டும் பைர்னும் முதலில் வைத்திருந்த முடிவில் ஜீன் சாவதில்லை, சக்தி மட்டும் பறிக்கப்படுகிறது. ஆனால் சில இதழ்களுக்கு முன் அவர் ஒரு நட்சத்திரத்தை அழித்து, அதைச் சுற்றிய கிரகத்தில் இருந்த உயிர்களை எல்லாம் கொன்றிருந்தார். அத்தனை பேரைக் கொன்றவர் இப்படிச் சுலபமாகத் தப்புவதா என்று தலைமை ஆசிரியர் ஜிம் ஷூட்டர் ஒப்புக்கொள்ளவில்லை. கடைசி நேரத்தில் மாற்றி எழுதினார்கள். அச்சாகாத பழைய முடிவை 1984-இல் தனி இதழாகவே மார்வெல் வெளியிட்டது. இரண்டையும் படித்துப் பாருங்கள். ஷூட்டர் பக்கம்தான் நியாயம் என்பது என் கட்சி.

அப்படியே 141, 142 இரண்டையும் முடித்துவிடுங்கள். ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ மொத்தமே இந்த இரண்டு இதழ்தான். இன்றைக்கு இதே கதையை எழுதினால் எட்டு மாதம் இழுப்பார்கள்.

“எக்ஸ்-மென் முதல் இதழ் என்று தேடினால் ஆறேழு வருகிறது. எது அசல்?”

எல்லாமே அசல். 1963, 1991, 2010, 2013, 2019, 2021, 2024 என்று வெறும் ‘எக்ஸ்-மென்’ என்ற பெயரிலேயே முதல் இதழ்கள் வந்திருக்கின்றன. முதல் இதழ் என்றால் அதிகம் விற்கும், அதனால் எழுத்தாளர் மாறும்போதெல்லாம் எண்ணை ஒன்றிலிருந்து திருப்பி எண்ணுகிறார்கள். ‘அன்கேனி எக்ஸ்-மென்’ என்று பார்க்கிறீர்களே, அது 1963-இல் தொடங்கிய அதே தொடர்தான், பெயர் பின்னால் நீண்டது. 2011-இல் 544-ஆம் இதழோடு அதையும் முடித்து, மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கி, அதன் பிறகும் பலமுறை அப்படியே செய்துவிட்டார்கள்.

இன்னொரு கண்ணிவெடி: 1991-இல் தொடங்கிய ‘எக்ஸ்-மென்’ 114-ஆம் இதழில் ‘நியூ எக்ஸ்-மென்’ ஆகிறது, பிறகு திரும்ப ‘எக்ஸ்-மென்’, பிறகு ‘எக்ஸ்-மென் லெகசி’. தொடர் ஒன்றுதான், பலகை மட்டும் மாறியது. இதற்கிடையில் ‘நியூ எக்ஸ்-மென்’ என்ற பெயரில் மாணவர்களைப் பற்றிய வேறொரு தொடரும் 2004-இல் வந்தது. தேடும்போது பெயரோடு வருடம், எழுத்தாளர் இரண்டையும் சேர்த்துப் பார்த்தே வாங்குங்கள். மூன்றில் இரண்டு பொருந்தினால் போதாது.

“1991-இன் முதல் இதழ் மலிவாகக் கிடைத்தது. முதல் இதழ்தானே என்று படித்தால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை.”

மலிவுக்குக் காரணம் சுலபம். ஐந்து விதமான அட்டைகளோடு வந்து, கடைகள் வாங்கியது 80 லட்சம் பிரதிகளுக்கு மேல். ஒற்றைக் காமிக்ஸ் இதழில் இதுவே விற்பனைச் சாதனை என்று கின்னஸில் ஏறியது. பின்னால் விலை ஏறும் என்று அடுக்கடுக்காக வாங்கி வைத்தார்கள். எல்லாரும் வாங்கி வைத்ததால்தான் ஏறவே இல்லை.

புரியாததற்குக் காரணம் இன்னும் வேடிக்கையானது. அட்டையில் ஒன்று என்று போட்டிருந்தாலும் உள்ளே இருப்பது 16 வருடக் கதையின் கடைசிப் பகுதி. ஓவியர் ஜிம் லீயோடு மூன்று இதழ் எழுதிவிட்டு க்ளேர்மான்ட் விலகிவிட்டார். புரொஃபசர் எக்ஸுக்கும் மேக்னீட்டோவுக்கும் நடுவே அவர் நீண்ட காலமாகப் பின்னிய உறவுக்கு இங்கே முடிச்சுப் போடுகிறார். உறவு தெரியாதவருக்கு அது வெறும் சண்டை. எடுத்து வைத்துவிடுங்கள், பின்னால் படிக்கலாம். ஓவியத்துக்காக மட்டும் பார்ப்பதென்றால் இப்போதே பார்க்கலாம், தடையில்லை.

“படங்களைப் பார்த்துவிட்டு வந்தேன். வுல்வரின் எங்கே, எல்லாக் கதையும் வேறு மாதிரி இருக்கிறதே?”

2000-த்திலிருந்து வந்த படங்கள் வுல்வரினை நடுவில் வைத்தன. காமிக்ஸில் அவர் ஒரு குழுவில் ஒருவர், பல மாதம் ஓரமாக நிற்பார். ‘டேஸ் ஆஃப் ஃப்யூச்சர் பாஸ்ட்’ படத்தில் காலத்தில் பின்னோக்கி அனுப்பப்படுபவர் அவர். காமிக்ஸில் அது கிட்டி ப்ரைட். எதிர்பார்ப்பை அந்த அளவுக்கு மாற்றிக்கொண்டு உள்ளே வாருங்கள்.

2003-இல் வந்த இரண்டாவது படம் பிடித்திருந்தால், அதற்கு விதை போட்ட ‘காட் லவ்ஸ், மேன் கில்ஸ்’ உங்களுக்கானது. 1982, க்ளேர்மான்ட் எழுத்து, ப்ரென்ட் ஆண்டர்சன் ஓவியம். மாத இதழாக வராமல் தனிப் புத்தகமாகவே வந்தது. படத்தில் ராணுவக்காரராக வரும் ஸ்ட்ரைக்கர் இங்கே தொலைக்காட்சியில் பிரசங்கம் செய்யும் மதபோதகர். வேதத்தை மேற்கோள் காட்டியே வெறுப்பை விதைக்கிறார். முதல் பக்கங்களில் வரும் குழந்தைகளின் கொலை இன்றும் படிக்கக் கஷ்டமாக இருக்கும், ஆகவே சின்னப் பிள்ளைகள் கையில் கொடுக்காதீர்கள். முன்கதை வேண்டாம், பின்கதை வேண்டாம், ஒரே உட்காரலில் முடியும். முத்து காமிக்ஸ், லயன் காமிக்ஸில் ஒரு புத்தகத்துக்கு ஒரு முழுக் கதை என்று படித்துப் பழகியவர்களுக்கு மாதாமாதம் அறுந்து தொங்கும் அமெரிக்க இதழ்கள் எரிச்சல் தரும். அவர்களுக்கும் இதையே சொல்வேன்.

வுல்வரின்தான் வேண்டும் என்றால் அதே 1982-இல் க்ளேர்மான்ட் எழுதி ஃப்ராங்க் மில்லர் வரைந்த நான்கு இதழ்த் தொடர், ஜப்பானில் நடப்பது. கிழட்டு வுல்வரின் வேண்டும் என்றால் மார்க் மில்லர் எழுதி ஸ்டீவ் மெக்நிவன் வரைந்த ‘ஓல்ட் மேன் லோகன்’. ஆனால் 2017 படத்தில் பார்த்த கதை அங்கே இருக்காது, வயதும் களைப்பும் மட்டும்தான் பொது.

“எக்ஸ்-மென் ’97 கார்ட்டூன் பார்த்தேன். அந்தக் கதைகள் எங்கே?”

சிதறிக் கிடக்கின்றன. உடைகள் 1991-இன் ஜிம் லீ உடைகள், கதைகள் மூன்று பத்தாண்டுகளிலிருந்து எடுத்தவை. ஸ்டார்ம் சக்தி இழக்கும் பகுதி, பாரி விண்ட்சர்-ஸ்மித் வரைந்த 186-ஆம் இதழிலிருந்து. மியூட்டன்ட்களின் தீவு நாடான ஜெனோஷாவின் அழிவு 2001-இன் ‘நியூ எக்ஸ்-மென்’ 115-ஆம் இதழிலிருந்து. கார்ட்டூனில் மனதைப் பிசைந்தது எதுவோ அதன் மூலத்தை மட்டும் தேடிப் படியுங்கள். முழு வரிசையை அமைக்கப் பார்த்தால் மறுபடி முதல் அறிகுறிக்கே போய்ச் சேருவீர்கள்.

“கதை நடுவில் அறுந்துவிட்டது. ‘தொடர்ச்சி வேறு இதழில்’ என்கிறார்கள்.”

1986-ஐத் தாண்டிவிட்டீர்கள் என்று அர்த்தம். அதுவரை முதன்மைத் தொடரை மட்டும் படித்தாலே போதும். ‘நியூ மியூட்டன்ட்ஸ்’ 1983-இல் மாத இதழாக வந்தும்கூடப் பெரிய பாதிப்பில்லை. ஆனால் 1986-இல் ‘எக்ஸ்-ஃபேக்டர்’ சேர்ந்துகொண்டது. அதே வருடம் ‘மியூட்டன்ட் மாசக்கர்’ கதை மூன்று எக்ஸ் தொடர்களிலும், போதாததற்கு தோர், பவர் பேக் இதழ்களிலும் பரவி ஓடியது. விற்பனை நன்றாக இருந்ததால் பிறகு அது வருடாந்திரத் திருவிழாவாகிவிட்டது: 1988-இல் ‘ஃபால் ஆஃப் த மியூட்டன்ட்ஸ்’, அடுத்து ‘இன்ஃபெர்னோ’, 1990-இல் ‘எக்ஸ்டிங்க்‌ஷன் அஜெண்டா’.

தீர்வு பணச் செலவுள்ளது, ஆனால் நேரானது: இப்படிப் பல தொடர்களில் பரவி ஓடும் கதைக்கு க்ராஸ்ஓவர் என்று பெயர், அந்த க்ராஸ்ஓவர் பெயரிலேயே வரும் தொகுப்பை வாங்குங்கள். எல்லாத் தொடரின் இதழ்களையும் கதை வரிசைப்படி அதில் கோத்திருப்பார்கள். எழுத்தாளர் பெயரில் வரும் தொகுப்பில் இந்த ஓட்டை இருக்க வாய்ப்புண்டு. வாங்குமுன் பின்னட்டையில் சின்ன எழுத்தில் இருக்கும் இதழ் எண்களைப் படிப்பது நல்ல பழக்கம்.

செலவு வேண்டாம் என்றால் தாண்டிப் போங்கள். க்ராஸ்ஓவருக்கு அடுத்த இதழில் யாராவது ஒருவர் உட்கார்ந்து நடந்ததைப் புலம்புவார். மேலே திட்டினோமே, க்ளேர்மான்டின் விளக்கப் பழக்கம், அது இங்கே கைகொடுக்கும்.

‘ஏஜ் ஆஃப் அபோகாலிப்ஸ்’ மட்டும் தனி ரகம். 1995-இல் எக்ஸ் தொடர்கள் அனைத்தையும் நான்கு மாதம் நிறுத்திவிட்டு, வேறு பெயர்களில், வரலாறே மாறிப்போன உலகத்தின் கதையை வெளியிட்டார்கள். மூல உலகம் ஓரளவு தெரிந்தவருக்குத்தான் மாறியது எது என்பதே தெரியும். முதல் புத்தகமாக இதை யாராவது பரிந்துரைத்தால் நன்றி சொல்லி வாங்கிக்கொண்டு அலமாரியில் வையுங்கள்.

“செத்தவர் திரும்பி வந்துவிட்டார். எதையாவது விட்டுவிட்டேனா?”

அனேகமாக இல்லை. ஜீன் கிரே 1980-இல் இறந்தார், 1986-இல் வந்தார், 2004-இல் மறுபடி இறந்தார், 2018 வாக்கில் மறுபடி வந்தார். கொலோசஸ் 2001-இல் போய் 2004-இல் திரும்பினார். எப்படி வந்தார் என்று தேடிப் போனால் கிடைக்கும் விளக்கங்கள் பெரும்பாலும் கதையைவிடச் சிக்கலானவை. 1986-இல் ஜீனுக்குக் கொடுத்த விளக்கமே, அதாவது கடலடியில் ஒரு கூட்டுக்குள் இருந்தவர்தான் உண்மையான ஜீன், செத்தது வேறு என்பது, டார்க் ஃபீனிக்ஸ் கதையின் கனத்தைப் பாதியாகக் குறைத்துவிட்டது. கேட்காமல் ஏற்றுக்கொள்வதுதான் இங்கே வைத்தியம்.

“பழசு எதுவும் வேண்டாம். இந்த நூற்றாண்டில் எழுதியதாக ஒன்று சொல்லுங்கள்.”

இதற்கு மூன்று வாசல்கள். ஒவ்வொன்றிலும் வெவ்வேறு இடத்தில் தடுக்கும்.

முதலாவது கிராண்ட் மாரிசன் எழுதிய ‘நியூ எக்ஸ்-மென்’, 2001-லிருந்து 2004 வரை, 114 முதல் 154. மூன்றாவது இதழுக்குள் ஒரு கோடியே அறுபது லட்சம் மியூட்டன்ட்கள் செத்துவிடுகிறார்கள், அங்கிருந்து கதை பின்னால் திரும்பிப் பார்ப்பதே இல்லை. பள்ளி உண்மையிலேயே பள்ளியாகிறது, வகுப்பு முழுக்க விநோதமான பிள்ளைகள். என் கணிப்பில் பெரியவர்கள் தொடங்க இதைவிட நல்ல இடம் இல்லை. இரண்டு எச்சரிக்கை. ஃப்ராங்க் க்வைட்லி நிதானமாக வரைபவர், அதனால் நடுவில் பலர் மாறி மாறி வரைந்திருக்கிறார்கள், சில இதழ்களில் அவசரம் அப்பட்டமாகத் தெரியும். பிரதியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்து, 2001-இன் ஆண்டு மலர். இரும்பு முகமூடி போட்ட சோர்ன் என்பவர் அதில்தான் அறிமுகமாகிறார். எண் வரிசையில் அது வராததால் பலர் தவறவிட்டுவிட்டு, இந்த முகமூடிக்காரர் எப்போது வந்தார் என்று குழம்புவார்கள். 117-க்கும் 118-க்கும் நடுவில் அதைப் படித்துவிடுங்கள், கடைசிப் பகுதிக்கு அது உயிர்நாடி. சோர்ன் உண்மையில் யார் என்று பின்னால் வந்தவர்கள் மாற்றி எழுதியதை மட்டும் தேடாதீர்கள்.

இரண்டாவது, ஜாஸ் வீடன் எழுதி ஜான் காஸடே வரைந்த ‘அஸ்டானிஷிங் எக்ஸ்-மென்’, 2004-லிருந்து 2008 வரை 24 இதழ், முடிவுக்கு ஒரு தனிப் பேரிதழ். ஒரே ஓவியர், தெளிவான பக்கங்கள், சிரிக்க வைக்கும் வசனம். பலரும் முதலில் இதைத்தான் கையில் கொடுப்பார்கள். தடுக்கும் இடம் முதல் இதழிலேயே வரும்: கிட்டி ப்ரைட் பள்ளிக்குத் திரும்புகிறாள், தலைமையில் எம்மா ஃப்ராஸ்ட் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துக் கொதிக்கிறாள். ஏன் இவ்வளவு கோபம்? எம்மாவும் 129-ஆம் இதழில்தான் அறிமுகமானார், 13 வயது கிட்டியைத் தன் பள்ளிக்கு இழுக்கப் பார்த்த வில்லியாக. அந்த ஒரு இதழை முன்னால் படித்துவிட்டு வந்தால் இந்த 24 இதழும் வேறு ருசியில் இருக்கும். சைக்ளாப்ஸும் எம்மாவும் எப்படி ஜோடியானார்கள் என்று கேட்டால், அது மாரிசன் செய்த வேலை.

மூன்றாவது வாசல் பெரியது, தனித் தலைப்பே வேண்டும்.

“ஹவுஸ் ஆஃப் எக்ஸ் தொடங்கினேன். முதல் இதழ் முடிந்தது, எதுவும் புரியவில்லை.”

புரியக் கூடாது என்றே எழுதியிருக்கிறார்கள். 2019-இல் ஜானதன் ஹிக்மன் எழுதிய ‘ஹவுஸ் ஆஃப் எக்ஸ்’ ஆறு இதழ், ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ ஆறு இதழ். முதலாவதை பெப்பே லாராஸும் மற்றதை ஆர்.பி. சில்வாவும் வரைந்தார்கள். இரண்டும் சேர்ந்து ஒரே கதை. ஒன்றை முழுக்க முடித்துவிட்டு மற்றதை எடுப்பவர்கள்தான் அதிகம் திணறுகிறார்கள். வெளிவந்த வரிசை இது: ஹவுஸ் 1, பவர்ஸ் 1, ஹவுஸ் 2, பவர்ஸ் 2, பவர்ஸ் 3, ஹவுஸ் 3, ஹவுஸ் 4, பவர்ஸ் 4, அதன்பின் ஐந்தும் ஆறும் ஹவுஸ், பவர்ஸ் என்று மாறி மாறி. ஒரே புத்தகமாக வந்த தொகுப்பு இந்த வரிசையில்தான் இருக்கிறது, ஆகவே அதை வாங்கினால் இந்தக் கவலையே இல்லை.

காலம் தாவுவது இன்னொரு தலைவலி. ‘பவர்ஸ் ஆஃப் எக்ஸ்’ தலைப்பில் உள்ள எக்ஸ் ரோமன் எண்ணான பத்து. ஒன்று, பத்து, நூறு, ஆயிரம் என்று நான்கு ஆண்டுகளில் கதை நடக்கிறது. பத்தாவது ஆண்டுதான் ‘இன்றைக்கு’. பக்கத்தின் மேல் எந்த ஆண்டு என்று பார்த்துவிட்டுப் படித்தால் போதும். ஓவியத்துக்கு நடுவே வரும் வெள்ளைப் பக்க அட்டவணைகளைத் தாண்டாதீர்கள், முக்கியமான பாதிச் செய்தி அங்கேதான் ஒளிந்திருக்கிறது. ‘ஹவுஸ்’ இரண்டாம் இதழ்வரை பொறுமையாக இருங்கள். மொய்ரா மக்டாகர்ட் என்ற பழைய துணைப் பாத்திரம் ஒன்றை எடுத்து ஹிக்மன் அங்கே செய்வது, 1963-லிருந்து நடந்த அத்தனையையும் வேறு வெளிச்சத்தில் காட்டும். மியூட்டன்ட்கள் தங்களுக்கென்று நாடு அமைத்துக்கொள்ளும் தீவு, நாம் 1975-இல் விட்டுவந்த அதே கிராக்கோவா. சாவும் மீட்சியும் இங்கே ஒரு ஏற்பாடாகவே ஆகிவிடுகிறது, மேலே சொன்ன வியாதிக்கு ஹிக்மன் கண்ட வைத்தியம் என்றே சொல்லலாம்.

12 இதழ் முடிந்ததும் அடுத்த விபத்து காத்திருக்கிறது: ஒரே நேரத்தில் ஆறு தொடர்கள் தொடங்கின. எல்லாவற்றையும் படிக்க நினைத்தால் மூழ்கிவிடுவீர்கள். ஹிக்மனின் ‘எக்ஸ்-மென்’, பிறகு அவர் விடைபெறும் நான்கு இதழ் ‘இன்ஃபெர்னோ’ (1989-இன் ‘இன்ஃபெர்னோ’ வேறு, ஆர்டர் போடும்போது வருடம் பாருங்கள்), அதன்பின் கீரன் கில்லன் எழுதிய ‘இம்மார்ட்டல் எக்ஸ்-மென்’. முதுகெலும்பு இவ்வளவே. மனசு லேசாக இருக்கும் நாளில் ஸெப் வெல்ஸின் ‘ஹெலியன்ஸ்’. 2020-இன் ‘எக்ஸ் ஆஃப் ஸ்வோர்ட்ஸ்’ 22 பகுதிகள் கொண்டது, பாதிக்கு மேல் பொறுமையைச் சோதிக்கும். வேண்டுமானால் முதல் பகுதியும் கடைசிப் பகுதியும்.

“திடீரென்று மியூட்டன்ட்களே அருகிவிட்டார்கள், எல்லாரும் ஒரு குழந்தையைத் தேடுகிறார்கள்.”

2005-க்கும் 2012-க்கும் நடுவில் விழுந்திருக்கிறீர்கள். ‘ஹவுஸ் ஆஃப் எம்’ எட்டு இதழ் படித்தால் அருகியது ஏன் என்று தெரியும், 2007-இல் தொடங்கிய ‘மெசையா காம்ப்ளெக்ஸ்’ படித்தால் குழந்தை யார் என்று தெரியும். ‘செகண்ட் கமிங்’கோடு நிறுத்திக்கொள்ளலாம்.

“பாத்திரங்கள் அதே பெயரில் இருக்கிறார்கள், ஆனால் எல்லாரும் பள்ளிப் பிள்ளைகள். ஜப்பானில் இருக்கிறார்கள்.”

‘அல்டிமேட்’ என்று அட்டையில் இருக்கிறதா பாருங்கள். அது வேறு உலகம். 2001-இல் மார்க் மில்லர் தொடங்கியது ஒன்று, 2024-இல் பீச் மொமோகோ எழுதி வரைந்தது மற்றொன்று, ஜப்பான் இரண்டாவதில். மேலே சொன்ன எதற்கும் இவற்றோடு தொடர்பு கிடையாது. மொமோகோவின் நீர்வண்ணப் பக்கங்களுக்காகவே தனியாகப் படிக்கலாம்.

“வாங்க நினைத்த தொகுப்பு எங்கேயும் இல்லை, இருந்தால் யானை விலை.”

தொகுப்புகள் அச்சில் தீர்ந்து போவதும் சில வருடம் கழித்து மறுபடி வருவதும் வழக்கம். அவசரப்பட்டு இரட்டிப்பு விலை கொடுக்காதீர்கள். ஆம்னிபஸ் என்னும் தடித்த பதிப்பை முதல் புத்தகமாக வாங்க வேண்டாம். படுத்துக்கொண்டு படிக்க முடியாது, பிடிக்காமல் போனால் நஷ்டமும் பெரிது. எபிக் கலெக்‌ஷன் என்ற மெல்லட்டைத் தொகுப்புகள் தோதானவை: ‘செகண்ட் ஜெனெசிஸ்’ என்ற பாகத்தில் 1975 பேரிதழும் 94 முதல் 110 வரையும், ‘த ஃபேட் ஆஃப் த ஃபீனிக்ஸ்’ பாகத்தில் 129 முதல் 143 வரையும் அடங்கும். ‘எசென்ஷியல்’ என்று பழைய புத்தகக் கடையில் கிடைத்தால் உள்ளே கறுப்பு-வெள்ளையாகத்தான் இருக்கும். டார்க் ஃபீனிக்ஸை அப்படிப் படிப்பது அநியாயம்.

திரையில் படிக்க ஆட்சேபம் இல்லாதவர்களுக்கு மார்வெல் அன்லிமிடெட் சந்தா. பழைய இதழ்கள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன, புதியவை கடைக்கு வந்து சுமார் மூன்று மாதத்தில் சேரும்.

“இப்போது மாதாமாதம் வருவதோடு சேர்ந்து ஓட வேண்டும்.”

கிராக்கோவா காலம் 2024-இல் முடிந்தது. அதே வருடம் ஜூலையில் ஜெட் மக்கே எழுதும் ‘எக்ஸ்-மென்’, ஆகஸ்டில் கெய்ல் சிமோன் எழுதும் ‘அன்கேனி எக்ஸ்-மென்’, செப்டம்பரில் ஈவ் யூயிங் எழுதிய ‘எக்ஸெப்ஷனல் எக்ஸ்-மென்’ என்று மூன்றும் ஒன்றிலிருந்து தொடங்கின. தீவு போய்விட்டது, ஆட்கள் சிதறிவிட்டார்கள் என்ற அளவு தெரிந்தால் உள்ளே போகலாம். சைக்ளாப்ஸ் தலைமையில் சண்டை வேண்டும் என்றால் மக்கே. ரோக், காம்பிட் இருவரையும் நியூ ஆர்லியன்ஸில் பார்க்க சிமோன். கிட்டி ப்ரைட் பெரியவளாகி, சிகாகோவில் புதுப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க மாட்டேன் என்று முரண்டு பிடித்தபடியே சொல்லிக்கொடுப்பது 2025-இல் முடிந்துவிட்ட யூயிங் தொடரில்; எம்மா ஃப்ராஸ்டும் அங்கே வந்து சேர்ந்துகொள்கிறார்.